மறு: ‘கோப்பு விவரிப்பி’க்கு மாற்றுச் சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘கோப்பு விவரிப்பி’ (ஃபைல் டிஸ்கிரிப்டர்) நேரடியான சொல். ஆங்கிலத்தில் இருப்பது அப்படியே வந்துவிடுகிறது. இதில் என்ன குறை?

குறை அந்த ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது ஐயா. அது எதையும் விவரிப்பதில்லை. வெறும் எண். நிரல் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 3 என்று ஓர் எண்ணைத் தருகிறது. பிறகு படிக்கவோ எழுதவோ அந்த 3ஐ நீட்டினால் போதும். கோப்பின் பெயர், அளவு, எதுவரை படித்திருக்கிறோம் என்பது எதுவும் அந்த 3இல் கிடையாது. எல்லாம் கர்னலிடம் இருக்கிறது.

கோயில் வாசலில் செருப்பை வாங்கிக்கொண்டு ஒரு தகர வில்லை தருவார்களே, அதேதான். வில்லையில் நம் பெயரோ செருப்பின் நிறமோ இருக்காது, எண் மட்டும்தான். என் முன்மொழிவு: கோப்பு வில்லை.

எக்ஸ்வி6 படிக்கும்போது தோன்றியது இது. (எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய, யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த சின்ன இயங்குதளம்; மூலநிரல் திறந்தே கிடக்கிறது. லினக்ஸ் கர்னலுக்குள் நேரே குதித்துத் தலை சுற்றியவர்கள் இங்கே தொடங்கலாம்.) அதில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) 16 குழிகள் கொண்ட ஒரு பலகை. வில்லை தருகிற செயற்கூறு ஒரே ஒரு சுழல்: 0இலிருந்து பார்த்துக்கொண்டே போய், முதலில் காலியாக இருக்கும் குழியில் கோப்பை மாட்டிவிட்டு, குழியின் எண்ணைத் திருப்பித் தருகிறது. காலியே இல்லையென்றால் -1.

‘முதல் காலி எண்’ என்ற விதி சும்மா வைத்ததல்ல. எக்கோவின் (கொடுத்த சொற்களை அப்படியே வெளியிடும் சின்ன நிரல்) வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பச் சொல்கிறோம் என்று வையுங்கள். எக்ஸ்வி6இன் ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) ஃபோர்க் செய்கிறது, அதாவது தன்னைப்போலவே ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்குகிறது. பிள்ளை ப்ராசஸ் 1ஆம் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 1தான் வழக்கமான வெளியீடு. அடுத்த வரியிலேயே கோப்பைத் திறக்கிறது. 0 (வழக்கமான உள்ளீடு) ஏற்கெனவே பிடித்தாயிற்று, 1 காலி. ஆகவே புதுக் கோப்புக்கு 1 கிடைத்தே தீரும். அப்புறம் எக்கோவை ஓட்டுகிறது. எக்கோவுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் 1இல் எழுதுகிறது, எழுத்து கோப்பில் போய் விழுகிறது. இதை ஒரு மாணவருக்கு ‘விவரிப்பி’யை வைத்து விளக்கப் பார்த்தேன். விவரிப்பியை எப்படிங்க திருப்பிக் கொடுப்பது என்று கேட்டுவிட்டார்.

> ‘கோப்பு எண்’ போதாதா?

தாலுகா ஆபீசில் கோப்பு எண் என்றால் கோப்போடு பிறந்தது. யார் கேட்டாலும் அதே எண். கணினியிலும் அப்படி ஒன்று உண்டு, ஐனோடு எண். ‘கோப்பு எண்’ அதற்குத்தான் பொருந்தும். இங்கேயோ என் ப்ராசஸின் 3 ஒரு கோப்பு, உங்கள் ப்ராசஸின் 3 வேறொன்று.

> ‘கோப்புச் சுட்டி’?

மவுசும் சுட்டி, பாயின்டரும் சுட்டி, இணையத் தொடுப்பும் சுட்டி. பாவம், அதை விட்டுவிடுவோம்.

> பள்ளிப் பாடத்தில் வில்லை என்றால் லென்ஸ். டோக்கனையும் வில்லை என்கிறார்களே?

நியாயமான கேள்வி. லென்ஸ் கர்னலுக்குள் வராது. கம்பைலர்காரர்களின் டோக்கன்தான் (மூலநிரலை உடைத்துக் கிடைக்கும் சொல்துண்டு) இடிக்கும். ஆனால் நீட்டினால் பொருள் கிடைப்பது, வேலை முடிந்ததும் திருப்பித் தருவது என்ற இரண்டு குணமும் நம்முடையதற்குத்தான் இருக்கிறது. முன்னால் ‘கோப்பு’ ஒட்டியிருக்கும்வரை குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

பிழைச்செய்தியில் வைத்துப் பார்த்தேன். நான் எழுதிய ஒரு சின்ன சர்வரில் இணைப்பை மூட மறந்துவிட்டேன். லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமான வரம்பு 1024 வில்லை. ஆயிரம் பேர் வந்துபோனதும் சர்வர் முரண்டுபிடித்தது. ‘அளவுக்கு மீறிக் கோப்புகள் திறந்துள்ளன’ என்ற செய்தியைப் பார்த்து, நான் எங்கே கோப்பு திறந்தேன் என்று அரை நாள் தேடினேன். இணைப்புக்கும் வில்லைதான் செலவாகிறது. ‘வில்லை தீர்ந்துவிட்டது’ என்றிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

உவமை உடைகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்க் செய்தால் பிள்ளைக்கும் அதே எண்களில் வில்லைகள் கிடைக்கும். இருவருக்கும் பின்னால் இருக்கும் பதிவு ஒன்றுதான். பிள்ளை முதல் 100 பைட்டைப் படித்தால், பெற்றோர் அடுத்துப் படிப்பது 101ஆவது பைட்டிலிருந்துதான். கடைசி வில்லை திரும்பிய பிறகே கர்னல் பதிவை விடுவிக்கும். எந்தக் கோயிலிலும் ஒரு ஜோடிச் செருப்புக்கு இரண்டு வில்லை தரமாட்டார்கள்.

அந்தப் பதிவுக்கும் பெயர் வேண்டும். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) அதற்கு வைத்திருக்கும் சொல் ‘டிஸ்கிரிப்ஷன்’; டிஸ்கிரிப்டரிலிருந்து விகுதி மட்டும்தான் வேறு. நாமும் விவரிப்பி, விவரிப்பு என்று போட்டால் படிப்பவர் கதி அதோகதி. ஒரு முறை திறந்தால் ஒரு ‘திறப்பு’, ஒரு திறப்புக்குப் பல வில்லை என்று வைக்க ஆசை. ஆனால் இலங்கையில் திறப்பு என்றால் சாவி. அங்குள்ள நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்களா, பொறுத்துக்கொள்வார்களா? சொல்லுங்கள், அதன்பின் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.