கீற்று முகிலில் பனிப் பளிங்கு: குளிர் மட்டும் போதுமா, தூசி வேண்டுமா?

நானுஓயா வானம்:
போன கிழமை இங்கே நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம். "அகல் வட்டம் பகல் மழை" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வட்டத்தைக் காட்டுவது கீற்று முகில், அதிலுள்ள அறுகோணப் பளிங்குகள் நிலவொளியை 22 பாகை திருப்பிவிடுகின்றன, அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் என் அண்ணன் மகளுக்கு டியூசன் வகுப்பில் "தூசி இல்லாவிட்டால் பனிப் பளிங்கே உருவாகாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். நுவரெலியா 1,870 மீற்றர் அளவு உயரம்தான், அங்கேயே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிறது. கீற்று முகில் அதைப்போல நாலு மடங்கிலிருந்து எட்டு மடங்கு உயரத்தில் நிற்கிறது, −40, −60 பாகைக் குளிரில். அவ்வளவு குளிரில் நீராவி தானாகவே பனியாகும், தூசி எதற்கு?

கொத்மலைக்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்ன உறைபனியே உங்களுக்கு எதிரான சாட்சி. அது புல்லிலும் கொழுந்திலும் பிடிக்கிறது, பக்கத்தில் வெறும் காற்றில் ஏன் பிடிப்பதில்லை? நீராவி ஒட்டுவதற்கு ஒரு மேற்பரப்பு வேண்டும். இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பக்டீரியா −2 பாகையிலேயே நீரை உறைய வைத்துவிடும். அதே நீர், சுத்தமான சிறு துளியாக இருந்தால், −38 வரைக்கும் நீராகவே இருக்கும். 36 பாகை வித்தியாசம், காரணம் அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான். மேலே அந்த வேலையைப் பாலைவனப் புழுதி செய்கிறது. 2013இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வைப் பாருங்கள். விமானத்தில் போய்க் கீற்று முகிலின் பளிங்குகளைப் பிடித்து, பனியை ஆவியாக்கி, உள்ளே மிஞ்சியது என்ன என்று பார்த்தார்கள். 61 வீதம் கனிமத் தூசியும் உலோகத் துணிக்கைகளும். டியூசன் சேர் எழுதிக் கொடுத்தது சரி.

பசறை டீச்சர்:
இரண்டு பேருமே பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

முதலில் நானுஓயா அண்ணனுக்கு. வானம் தெளிவாக இருக்கிற சில நாட்களில் 11, 12 கிலோமீற்றரில் போகும் விமானத்தின் பின்னால் வெள்ளைக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். சில கோடு உடனே அழிந்துவிடும், சில கோடு மணிக்கணக்காக நின்று பரந்து கீற்று முகில் போலவே ஆகிவிடும். நிற்கிற கோட்டுக்கு என்ன அர்த்தம்? அந்தக் காற்றில் பனிக்குத் தேவையானதைவிட அதிக நீராவி ஏற்கெனவே இருந்தது, குளிரும் இருந்தது, ஆனாலும் விமானம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பளிங்கும் இல்லை. எஞ்சின் புகைக்கரியும் அதன்மேல் படிந்து உறைந்த துளிகளும்தான் ஆரம்பித்துக் கொடுத்தன. ஆகவே குளிர் மட்டும் போதாது.

இப்போது கொத்மலைத் தம்பிக்கு. தூசி இல்லாமலும் பனி வரும். மேலே எங்கும் சல்பூரிக்கமிலம், அமோனியம் சல்பேற்று கரைந்த மிக நுண்ணிய துளிகள் மிதக்கின்றன. கரைசல் என்பதால் −38 பாகையில் அவை உறையாது. ஆனால் காற்று மேலெழுந்து குளிரும்போது, பனியை அடிப்படையாக வைத்துக் கணக்கிடும் சாரீரப்பதன் (பனி வளராமலும் கரையாமலும் நிற்கத் தேவையான நீராவிதான் இதில் 100 வீதம்) 140 வீதத்தைத் தாண்டினால், இன்னும் குளிரான இடத்தில் 170ஐ நெருங்கினால், அந்தத் துளிகள் நீரை உறிஞ்சி ஐதாகி, எந்தத் திண்மத்தின் உதவியும் இல்லாமல் உறைந்துவிடும். என்ன கரைந்திருக்கிறது என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை என்று தோமஸ் கூப் குழு 2000இல் நேச்சர் சஞ்சிகையில் காட்டியது.

நானுஓயா வானம்:
அப்போ நான் சொன்னதுதானே வருகிறது டீச்சர். தூசி கட்டாயம் என்பதோடுதான் என் சண்டை. குளிரோடு ஈரமும் கூடினால் துளி தானாக உறைகிறது, நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கொத்மலைக்காரன்:
உறையலாம் என்பது வேறு, உறைகிறது என்பது வேறு அண்ணே. தூசிக்கு 140 வரை காத்திருக்கத் தேவையில்லை, நல்ல தூசி 110, 120லேயே தொடங்கிவிடும். பந்தியில் முந்தி உட்கார்ந்தவன் சோற்றைக் காலி செய்வது மாதிரி, அந்தச் சில பளிங்குகள் நீராவியை எல்லாம் இழுத்துக்கொண்டால் சாரீரப்பதன் 140ஐ எட்டவே எட்டாது, டீச்சரின் கரைசல் துளிகள் அப்படியே இருந்துவிடும். இது வெறும் ஊகமில்லை, அந்த விமான அளவீடு அதைத்தான் காட்டியது. மேலே சல்பேற்றும் சேதனப் பொருட்களும்தான் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் பளிங்குக்குள்ளே அவை குறைவு.

அட்டன் மாணவி:
டீச்சர், எந்த வழியாக வந்தாலும் பனி பனிதானே? இதில் இவ்வளவு சண்டை ஏன்?

பசறை டீச்சர்:
நல்ல கேள்வி மகள். தூசி வழியில் பளிங்குகள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்து சீக்கிரம் கீழே விழும். குதிரை வால் போன்ற அந்தக் கீற்றுகளே விழுந்துகொண்டிருக்கும் பளிங்குகள்தான், பெரும்பாலும் தரைக்கு வராமல் வழியிலேயே ஆவியாகிவிடும். கரைசல் துளி வழியில், காற்று வேகமாக ஏறினால், எண்ணற்ற சின்னப் பளிங்குகள் வரும், முகில் நீண்ட நேரம் நிற்கும். மெல்லிய கீற்று முகில் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதால், எந்த வழி என்பது காலநிலைக் கணக்கையே மாற்றும். அதனால்தான் இதை விடமாட்டேன் என்கிறேன்.

தம்பி, அந்த 2013 ஆய்வு வட, மத்திய அமெரிக்காவுக்கு மேலே பறந்து எடுத்தது. அதை அப்படியே கொண்டுவந்து நமது மலைக்கு மேலே வைக்க முடியாது. சித்திரையில், பிறகு ஐப்பசியில், பின்னேரம் இடி மழை கட்டும்போது அந்த முகில் 12 முதல் 16 கிலோமீற்றர் வரைக்கும் போகும். 5 கிலோமீற்றர் அளவிலேயே 0 பாகை வந்துவிடும், அதற்கு மேலே போகிற நீர்த்துளிகள் எப்படியும் −38க்குள் உறைந்து, உச்சியில் காற்று அடித்துப் பரப்பிவிட, இருட்டும் நேரத்தில் நாம் பார்ப்பது அந்த மிச்சம்தான். நம்மைப் போன்ற அயனமண்டல (வெப்ப வலய) நாடுகளுக்கு மேலே கீற்று முகிலின் பெரும் பங்கு இப்படி இடிமுகிலிலிருந்து பிரிந்தது. தூசியா கரைசலா என்ற உங்கள் கணக்கு இதற்குப் பொருந்தாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் காத்மண்டுவிலிருந்து பறந்த ஆய்வு விமானம், பருவமழைக் காலத்தில் ஆசியாவுக்கு மேலே மிக உயரத்தில் அமோனியம் நைத்திரேற்றுத் துணிக்கைகளைக் கண்டது. வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் போகும் அமோனியாதான் மூலம். அவை திண்மமாகும்போது பனிக்கு நல்ல கருவாகும் என்று ஆய்வுகூடத்தில் காட்டிவிட்டார்கள். இதுவும் பாலைவனத் தூசி இல்லை.

கொத்மலைக்காரன்:
டீச்சர், நைத்திரேற்றும் திண்மம்தானே, ஒட்டுவதற்கு மேற்பரப்பு வேண்டும் என்று நான் முதலில் சொன்னது அங்கேயும் நிற்கிறது. இடிமுகில் விசயத்தில் நீங்கள் −38க்கு நேராகத் தாவிவிட்டீர்கள். 0க்கும் −38க்கும் இடையில் அந்தத் துளிகள் கிலோமீற்றர் கணக்கில் மேலே ஏறுகின்றன. −15, −20இலேயே புழுதி கலந்த துளிகள் உறையத் தொடங்கும், பாறைகளில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இதில் மற்றக் கனிமங்களை விடக் கெட்டிக்காரன் என்று 2013இலேயே வந்துவிட்டது. உறைகிற பெரிய துளி சில நேரம் வெடித்துச் சில்லுகள் பறக்கும், ஒவ்வொரு சில்லும் புதுப் பளிங்கு. இப்படி இடைவழியில் எவ்வளவு நீர் பனியாகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் −38க்குப் போய்ச் சேரும். அந்த அளவைத் தீர்மானிப்பது தூசி. பசறைக்கு மேலே பரவுகிற அந்த மிச்சத்திலும் அதன் கை இருக்கிறது.