மறு: வாண்டர் வால்ஸ் காம்பவுண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

வாண்டர் வால்ஸ் காம்பவுண்ட் என்பது, வேதிப் பிணைப்பு இல்லாமலே உயர் அழுத்தத்தில் அணுக்களும் மூலக்கூறுகளும் குறித்த விகிதத்தில் அடுக்கி உருவாகும் படிகம்; வாண்டர் வால்ஸ் ஓர் அறிவியலாளரின் பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் ‘வாண்டர் வால்ஸ் சேர்மம்’, ‘கூண்டுச் சேர்மம்’. இரண்டும் பொருளைத் தவறாகக் காட்டிவிடும் என்று நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு: ஹீலியமும் நைட்ரஜனும் கலந்த வாயுவை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து இறுக்குகிறார்கள். அறை வெப்பநிலையில் 7 ஜிகாபாஸ்கலைத் தாண்டியபின், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 70,000 மடங்குக்கும் மேலே, ஒரு புதிய படிகம் உருவாகிறது. ஒரு ஹீலியம் அணுவுக்கு 11 நைட்ரஜன் மூலக்கூறுகள். 1992இல் வெளியான கண்டுபிடிப்பு இது. உள்ளே நைட்ரஜன் நைட்ரஜனாகவே இருக்கிறது. ஹீலியம் எதனோடும் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வதில்லை.

‘சேர்மம்’ என்றதும் மாணவர் மனதில் வேதிப் பிணைப்புதான் வரும். இங்கே அது இல்லை. சரி, ‘கலவை’ என்று விட்டுவிடலாமா? அதுவும் முடியாது, விகிதம் மாறாதது, ஒவ்வொன்றுக்கும் படிகத்தில் குறித்த இடம் உண்டு. இதனால் ‘திண்மக் கரைசல்’ (ஒரு திண்மத்துக்குள் இன்னொன்று மாறும் விகிதத்தில் கலந்திருப்பது) என்பதும் அடிபடுகிறது. கூண்டு என்ற சொல் மீத்தேன் ஹைட்ரேட்டுக்கு (பனிக்கட்டி போன்ற திண்மத்தில் மீத்தேன் சிறைப்பட்டிருப்பது) பொருத்தம்: அங்கே நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் உண்மையிலேயே கூண்டு கட்டுகின்றன. நாம் பேசும் படிகங்களில் அப்படிச் சுவர் எழுப்பும் பிணைப்பு கிடையாது.

இவற்றை உண்டாக்குவதில் பெரும்பங்கு இட நெருக்கடிக்குத்தான். அழுத்தம் ஏற ஏற, எந்த அடுக்கு குறைந்த கனஅளவை எடுக்கிறதோ அதுவே நிலைக்கும். நல்ல சான்று ஒன்று: ஒரு நியானுக்கு இரண்டு ஹீலியம் என்று 1993இல் ஒரு படிகம் அறியப்பட்டது. அடுத்த ஆண்டே ஒரு ஆர்கானுக்கு இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கொண்ட படிகம். இரண்டின் அமைப்பும், மக்னீசியமும் துத்தநாகமும் 1:2 விகிதத்தில் சேரும் உலோகக் கலவையின் அமைப்பேதான்! உலோகப் பிணைப்பு எங்கே, மந்த வாயு எங்கே. பெரிய கோளமும் சிறிய கோளமும் 1.225 என்ற ஆர விகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த அடுக்கு நன்றாகப் பொருந்தும். பிணைப்பு எதுவானாலும், பொதியும் விதம் ஒன்று.

ஆகவே என் பரிந்துரை ‘இணைபொதிவு’. கோளங்கள் இடைவெளி குறைய அடுக்கப்படுவதை நெருங்கிப் பொதிதல் என்று படிகவியலில் ஏற்கெனவே சொல்கிறோம், அதோடு ஒட்டிவரும். ‘இணைபடிகம்’ என்றால் கோ-கிரிஸ்டலோடு (வெவ்வேறு மூலக்கூறுகள் சேர்ந்த ஒரே படிகத்துக்கு வேதியியலில் ஏற்கெனவே உள்ள பெயர்) குழம்பும், அதனால் தவிர்த்தேன். அறிவியலாளர் பெயர் வேண்டும் என்பவர்கள் முதல் முறை ‘வாண்டர் வால்ஸ் இணைபொதிவு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

எழுதிப் பார்த்தேன்: “மீத்தேனும் ஹைட்ரஜனும் உயர் அழுத்தத்தில் நான்கு வெவ்வேறு விகிதங்களில் இணைபொதிவுகளை உருவாக்குகின்றன.” எனக்கு இடறவில்லை. வினையாக ‘இணைந்து பொதிகின்றன’ என்பது போதுமா, ‘இணைபொதிகின்றன’ என்றே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.