மந்திரம் முதன்முதலில் கைகூடும் காட்சி: உங்கள் மனத்தைவிட்டு அகலாதது எது?

பதிவு 1

ஆடுகளிலிருந்தே தொடங்குகிறேன். உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலை இங்கே பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் கதைச்சுருக்கம் தேவையில்லை. கூரைமேல் ஏறி இறங்க மறுத்த ஆட்டைத் தன் தாயின் சகோதரி ஏதோ சொல்லி இறக்கியதைக் கேட்டுவிட்டு, மறுநாள் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் ஏழு வயதுச் சிறுவன் அதே சொற்களை உரக்கச் சொல்கிறானே, அந்த இடம்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மந்திரம் பலித்தால் கொண்டாட்டம்தான் என்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆடுகள் வந்தன. ஒரு சிறு சத்தமும் எழுப்பாமல், மஞ்சள் கண்களால் அவனையே பார்த்தபடி எல்லா ஆடுகளும் வந்தன. அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொல்ல, அவை இன்னும் நெருங்கிக் கொம்புகளோடு அவனை அடைத்துக்கொண்டன. ஓடினால் அவையும் அவனைச் சுற்றி ஒரே முடிச்சாக ஓடி வந்தன. அழைக்கும் சொல் அவனிடம் இருந்தது, அனுப்பும் சொல் இல்லை. பட்டப்பகலில் படித்தபோதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். உங்களுக்கும் இப்படி ஒரு காட்சி இருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2

ஆடுகளைவிட எட்மண்ட்தான் என்னை உறுத்துகிறான். சி. எஸ். லூயிஸின் 1950ஆம் ஆண்டு நாவலான ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’பில், அலமாரிக்குள் தொங்கும் ரோமத்தோல் மேலங்கிகளை விலக்கிக்கொண்டு நார்னியா என்னும் மந்திர உலகத்துக்குள் போகும் லூசியின் காலடியில் பனி நொறுங்கும் இடத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பதை. அவள் சொன்னதை உடன்பிறந்தவர்கள் நம்பவில்லை. பிறகு அவள் அண்ணன் எட்மண்டும் அந்த உலகத்தைப் பார்த்துவிடுகிறான். இனி தனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று அவள் பூரித்துப்போய் மூத்தவர்களிடம் ஓடி வரும்போது, நாங்கள் சும்மா விளையாடிக்கொண்டிருந்தோம் என்று அவன் சொல்லிவிடுகிறான். லூசி அவனை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு அறையைவிட்டு ஓடுகிறாள்.

ஒன்பது வயதில் அதைப் படித்த அன்று எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் நான் கையை நுழைத்தேன். புடவைகளைத் தாண்டிப் பின்பலகை விரலில் பட்டது. வழவழப்பாக இருந்தது, ஓர் ஆணியின் தலை மட்டும் சில்லென்று இருந்தது. திரும்பினால் அக்கா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, “என்னடி தேடுகிறாய்?” என்றுதான் கேட்டாள். துண்டு தேடுகிறேன் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளும் கையை நீட்டிப் பார்த்திருப்பாள் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பதிவு 3

முதலில் எழுதிய நண்பர் மந்திரத்தின் தொடக்கத்தை அச்சமாகக் காண்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதன் வேர் கோபம் என்பதே என் கருத்து. ரோல்ட் டாலின் ‘மாடில்டா’வில் (1988) தண்ணீர்க் குவளைக்குள் பல்லி போன்ற சிறு நீர்ப்பிராணி கிடந்ததற்குத் தலைமையாசிரியை அந்தச் சிறுமியைக் குற்றம் சாட்டுகிறார். செய்யாத குற்றம். அநீதி பொறுக்காமல் அவள் குவளையை வெறித்துப் பார்க்கிறாள், கண்கள் சுடுகின்றன, குவளை சாய்கிறது. முதல் ஹாரி பாட்டர் நாவலிலும் (1997) அதேதான்: முடியை அலங்கோலமாக வெட்டிவிட்டால் ஒரே இரவில் வளர்ந்துவிடுகிறது, தள்ளிவிட்டால் பாம்புக்கூண்டின் கண்ணாடி மறைந்துவிடுகிறது. நானும் யாரோ செய்த தவறுக்காக வகுப்பில் நின்றபடி ஒரு பாடவேளை முழுவதும் ஆசிரியரின் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

இத்தகைய கதை எழுத நினைக்கும் இளையவர்களுக்கு இங்கேயே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தாடி வைத்த முதியவர் ஒருவர் வந்து நீ சாதாரணப் பிள்ளை அல்ல என்று விளக்குவதிலிருந்து தயவுசெய்து தொடங்காதீர்கள். முதலில் உடம்பு உணரட்டும், விளக்கம் பிறகு வரட்டும். லூசிக்கு முதலில் கிடைத்தது அந்த உலகத்தின் பெயர் அல்ல, காலடியில் ஏதோ நொறுங்கும் உணர்வு. முதல் மந்திரம் மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை, ஒரு குவளை சாய்ந்தால் போதும். பிள்ளை மிகவும் அடங்கிக் கிடக்க வேண்டிய இடத்தில் அது நடந்தால் சிறிய மந்திரமும் பெரிதாகத் தெரியும். எதை மந்திரத்தால் செய்ய முடியாது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பாதிக் கதையில் எந்த ஆபத்தும் ஆபத்தாக இருக்காது. மாடில்டாவின் அறிவுக்கு ஏற்ற மேல்வகுப்பு கிடைத்ததும் அந்த ஆற்றல் அவளைவிட்டு நீங்கிவிடுவதைக் கவனியுங்கள். ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து எழுதியவரால்தான் அது எப்போது போகும் என்றும் எழுத முடியும். இன்னொன்று, அந்தக் காட்சியை யார் பார்க்கிறார்கள் என்பதையும் தீர்மானியுங்கள்.

பதிவு 4

ஐயா, ஹாரி ஒரு மந்திரவாதி என்று சொல்ல வரும் ஹாக்ரிட் அவனிடம் கேட்பது பயந்தபோதோ கோபப்பட்டபோதோ ஏதாவது நடந்ததுண்டா என்றுதான். நீங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டீர்கள்.

என் நினைவில் நிற்பது மழை. எர்த்ஸீ நாவலின் ஆட்டுக்காரச் சிறுவனுக்குப் பதின்மூன்று வயதில் கெட் என்னும் மெய்ப்பெயரைச் சூட்டிய மந்திரவாதி ஓகியன், அவனைச் சீடனாக அழைத்துக்கொண்டு மலைவழியே நடக்கிறார். மழை வருகிறது. மற்ற மந்திரவாதிகள் என்றால் அதை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அவரோ அதை அதன் போக்கில் பெய்ய விட்டுவிட்டு, அடர்ந்த மரம் ஒன்றைத் தேடி அதன் அடியில் படுத்துக்கொள்கிறார். நனைந்த புதர்களுக்கு நடுவே குந்தியிருக்கும் கெட், பயன்படுத்தாத ஆற்றல் இருந்தென்ன என்று மனம் புழுங்குகிறான். சிறு வயதில் நான் முழுக்க அவன் பக்கம் நின்றேன். சென்ற ஆண்டு என் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது, “அவர் ஏம்ப்பா நனையறாரு?” என்று கேட்டாள். பக்கத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதிவு 5 (முதல் பதிவை எழுதியவர்)

கோபமா அச்சமா என்ற வாதத்தில் ஒன்று விடுபட்டுப்போகிறது. அந்தச் சிறுவனுக்குத் தொடக்கத்தில் இரண்டுமே இல்லை, அவன் சிரித்தான். இரண்டாம் முறை சொன்னதும் அந்தச் சிரிப்போடுதான். தோழி சொன்ன பின்பலகையைப் படித்ததும் நான் எழுதாமல் விட்டது நினைவுக்கு வந்தது. ஆடுகளை அழைக்கும் அந்த இரண்டு வரிகள் நாவலில் அப்படியே அச்சிடப்பட்டிருக்கின்றன. அன்று வெளியிலிருந்து திரும்பி வந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, மிக மெதுவாக அவற்றைச் சொல்லிப் பார்த்தேன். உடனே பயம் வந்து, அந்தச் சிறுவனின் தாயின் சகோதரி ஆடுகளை விடுவிக்கச் சொன்ன சொல்லைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அவள் ஒரு சொல் சொன்னாள், ஆடுகள் கத்திக்கொண்டு கலைந்து மேயத் தொடங்கின என்று மட்டுமே இருந்தது. அந்தச் சொல்லை லெ குவின் எழுதவில்லை.