"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்: கற்பித்தல் பயிற்சி அனுபவங்கள்

கணிதப் பயிற்சி ஆசிரியை, தேனி மாவட்டம்:

பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காகக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பயிற்சி அனுபவங்களை எழுதும் இந்தப் பக்கத்தில் பாடக்குறிப்பு, துணைக்கருவி, அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றியெல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நான் பிள்ளைகள் போடும் தப்பான விடைகளைப் பற்றி எழுதுகிறேன்.

கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தல், அதாவது சின்னப் பாடம் ஒன்றை நடத்திப் பழகும் பயிற்சி, 36 நிமிடச் சுற்றாக நடக்கும். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடியும் 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம். மாணவர்களாக எதிரே உட்காருவது உடன் படிக்கும் தோழிகள்தான். அவர்களுக்கு விடை தெரியும். நமக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்ற பாசமும் உண்டு. கேள்வி முடிவதற்குள் கை உயர்ந்துவிடும். ஒருத்தி மட்டும் ஆறாம் வகுப்புச் சிறுமியாக நடிப்பதில் முனைந்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் 7 என்று சொன்னாள். உண்மையான எந்தச் சிறுமியும் அப்படிச் சொல்ல மாட்டாள். பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை, அவர்களுடைய தவறுக்குள் ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது தெரிந்தது பள்ளிக்குப் போன பிறகுதான்.

ஏழாம் வகுப்பில் தசமத்துக்கு முன்னால் பின்னத்தை ஒருமுறை மீள்பார்வை பார்க்கலாம் என்று 1/2 + 1/3 கொடுத்தேன். வகுப்பில் பெரும்பாலோர் 5/6 என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சு மாணவி 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கூட்டிவிட்டாள், வழக்கமான கவனக்குறைவு என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் வழிகாட்டி ஆசிரியை சிவப்பு மை போடுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்: "எப்படிப் போட்டாய், சொல்." அதையே கேட்டேன். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "நேற்று 2 கேள்வி கேட்டீர்கள், எனக்கு 1 சரி. இன்றைக்கு 3 கேள்வி, 1 சரி. மொத்தம் 5-க்கு 2 தானே டீச்சர்?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை! தேர்வு மதிப்பெண்ணை அப்படித்தான் கூட்டுகிறோம், நாளிதழில் கிரிக்கெட் கணக்கும் அப்படித்தான் வருகிறது. நான் கேட்காத ஒரு கேள்விக்கு அவள் சரியாக விடை சொல்லியிருக்கிறாள். மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடி, பகுதியைச் சமமாக்கு என்று விதியை மறுபடி ஒப்பித்திருந்தால் அவளும் எழுதிக்கொண்டிருப்பாள், அவளுடைய சந்தேகம் அப்படியே உள்ளே இருந்திருக்கும். கட்டம் போட்ட நோட்டில் 6 கட்டங்களை வரிசையாக வரையச் சொன்னேன். பாதிக்கு வண்ணம் அடித்தாள், 3 கட்டம். அதே பட்டையில் மூன்றில் ஒரு பங்கு, இன்னும் 2 கட்டம். "இப்போது பார், ஏற்கெனவே பாதி நிறைந்துவிட்டது. 2/5 பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" கொஞ்ச நேரம் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இரண்டும் ஒரே பட்டையில் இருக்க வேண்டுமா டீச்சர்? அதைச் சொல்லவேயில்லையே" என்றாள். பாடநூலின் மாதிரிக் கணக்கும் அதை இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை.

தசமத்தில் இன்னொரு சங்கதி. 0.25, 0.3 இரண்டில் எது பெரியது என்றால் பாதி வகுப்பு 0.25 என்கிறது. 25 பெரியது, 3 சிறியது, அவ்வளவுதான். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் விடுமுறை நாள்களில் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி கட்டப் போகிறவன். அவனும் 0.25 பக்கம்தான். "கால் கிலோ பன்னீர் திராட்சை அதிகமா, 300 கிராம் அதிகமா?" என்று கேட்டதும் இது ஒரு கேள்வியா என்பதுபோலச் சிரித்தான். கால் கிலோவைப் புள்ளி வைத்து எழுதச் சொன்னபோது சிரிப்பு நின்று யோசனை தொடங்கியது. தராசில் தெரிந்த கணக்கும் கரும்பலகைக் கணக்கும் ஒன்றுதான் என்று அந்தப் பையனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் பாடக்குறிப்பில் "மாணவர் செயல்பாடு" என்று ஒரு பத்தி உண்டு. அதில் "மாணவர்கள் கவனித்தனர், சரியாக விடையளித்தனர்" என்று வகுப்பு நடப்பதற்கு முந்தைய இரவே எழுதி வைத்துவிடுகிறோம். நடக்காததை இறந்தகாலத்தில் எழுதும் துணிச்சல் ஜோதிடர்களுக்குக்கூட இல்லை. என்ன தப்பு வரலாம், வந்தால் என்ன கேட்கலாம் என்று எழுத அங்கே இடம் கிடையாது. நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

"புரிந்ததா?" என்று கேட்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன். அதற்கு வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில் "புரிந்தது டீச்சர்" என்று சொல்லும். அந்தப் பதிலிலிருந்து ஆசிரியருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. பதிலாக, மணி அடிக்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கு. கிழித்த தாளில் விடை, பெயர் வேண்டாம். ஓய்வறையில் உட்கார்ந்து ஒரே மாதிரி விடைகளைக் குவியல் குவியலாகப் பிரித்தால் மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் அப்படித்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஆசிரியர்கள் சராசரியாகச் சுமார் 1 விநாடிதான் விடுகிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். படிக்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பின் முன்னால் நின்று 3 விநாடி வாயை மூடிக்கொண்டிருந்து பாருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த மூன்றாவது பெஞ்சு மாணவி முதல் பாடவேளையில் தூங்கி விழுவாள். இங்கிருந்து விடியற்காலையிலேயே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிவிடும். அவளுடைய அம்மாவும் அதில் போகிறவர். தம்பியைக் குளிப்பாட்டித் தொடக்கப் பள்ளியில் விடுவது இவள்தான். தம்பிக்கு அங்கே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும். அது 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஏழாம் வகுப்பு அக்காவுக்கு மதிய சத்துணவுதான் முதல் சோறு. வழிகாட்டி ஆசிரியை இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. தமிழாசிரியரிடம் பேசிப் பாடவேளையை மாற்றிக்கொண்டு, அந்த வகுப்பின் கணிதத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டார். வழிகாட்டுதலும் ஆலோசனையும் பற்றிக் கல்லூரியில் நிறையவே படித்திருக்கிறேன். கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை மாற்றுவதும் அதில் சேரும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.

ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், திருவாரூர் மாவட்டம்:

அம்மா, உன் 2/5-ஐப் படித்ததும் எனக்கு ஒரு 35 நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன், 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். 35 என்று எழுதினான். 7-இல் 2 போனால் 5, 4-இல் 1 போனால் 3. எந்த இலக்கம் மேலே, எந்த இலக்கம் கீழே என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, பெரியதிலிருந்து சிறியதை எடுப்பதுதான் அவனுடைய சட்டம். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து 42-ஐ எடுத்து வைக்கச் சொன்னேன். 17 குச்சி கொடு என்றேன். ஒரு கட்டைப் பிரித்துத்தான் கொடுக்க முடிந்தது. மிச்சத்தை எண்ணினான், 25. "எது சரி?" என்றேன். "குச்சியில் 25, சிலேட்டில் 35" என்றான். இரண்டும் வேறுவேறாக இருப்பதில் அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை! சிலேட்டுக் கணக்கு என்பது வாத்தியாருக்காகப் போடுவது, அவ்வளவுதான். குச்சிக் கட்டைப் பிரித்ததையே சிலேட்டில் எழுத வைத்தபிறகுதான் வழிக்கு வந்தான்.

2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துப் படிப்படியாக முன்னேறும் அட்டையும் ஏணிப்படியுமாக வகுப்பு மாறியது. தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு பிள்ளையாகப் பார்த்தால்தான் இந்த மாதிரித் தவறுகள் கண்ணில் படும், அந்த வகையில் அது நல்ல காலம். இப்போது தொடக்கப் பள்ளிகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் எந்தப் பூவின் பெயரை வைத்தாலும் கடைசி வரிசை எது என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிலையை அடிக்கடி மாற்றிவிட்டால்தான் அதன் முள் மழுங்கும்.

சிறப்பாசிரியர் (மாற்றுத்திறன் மாணவர்களுக்கானவர்), கோயம்புத்தூர் மாவட்டம்:

டீச்சர், "எப்படிப் போட்டாய்" என்பதற்கு முன்னால் இன்னொன்றையும் பாருங்கள். பிள்ளை எழுதியிருப்பது நீங்கள் கொடுத்த கணக்குத்தானா? நான் போகும் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு மாணவி எல்லாவற்றையும் தப்பாகப் போடுகிறாள் என்று அழைத்தார்கள். நோட்டைப் பார்த்தால் கணக்குகள் அத்தனையும் சரி. ஆனால் கரும்பலகையில் 8 இருந்த இடத்தில் 3, கூட்டல் குறி இருந்த இடத்தில் வகுத்தல் குறி. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவாளாம், அதற்காக இடம் மாற்றி உட்கார வைத்த பிறகுதான் மதிப்பெண் சரிந்திருக்கிறது. கண்ணாடி போட்டதும் தீர்ந்தது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு வருடத்தில் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம், கடைசி பெஞ்சிலிருந்து பலகையைப் படிக்கச் சொல்வதற்கு மருத்துவர் தேவையில்லை.

கண்ணில் குறை இல்லாமலும் எண்களும் எழுத்துகளும் தொடர்ந்து தடுமாறினால் அது வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் தொடரும் சிரமம்) என்பதும் ஒன்று. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை யாரும் கவனிக்காமல், கடைசி நேரத்தில் சான்றுக்கு ஓடும் பெற்றோரைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆனால் பயிற்சிக்கு வந்திருக்கும் நீங்களாகவே எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். கண்டதைத் தேதி போட்டு எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி.

பட்டதாரி ஆசிரியர், சென்னை:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் வகுப்பில் 50-க்கு மேல் பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். ஒவ்வொருவரிடமும் "எப்படிப் போட்டாய்" என்று கேட்டால் அரையாண்டுக்கு முதல் இயல்தான் முடிந்திருக்கும். பயிற்சி ஆசிரியர்களுக்குப் பாடம் முடிக்கும் பொறுப்பு இல்லை. தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியர் கூப்பிடுவது உங்களை அல்ல.

கணிதப் பயிற்சி ஆசிரியை, தேனி மாவட்டம்:

சார், பொறுப்பு எங்களுக்கு இல்லை என்பது உண்மை. அதனால்தான் இதையெல்லாம் செய்து பார்க்க முடிகிறது. எல்லோரிடமும் கேட்பதில்லை. சீட்டுகளைப் பிரித்தால் 2/5 குவியலில் 11 சீட்டு இருக்கும், அந்த விடைக்கு ஒருவரிடம் விளக்கம் கேட்டாலே மற்றவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒற்றைச் சீட்டுகளை அன்றைக்கு விட்டுவிடுகிறேன். 50 பேர் வகுப்பில் இது எடுபடுமா என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஐயா, குச்சிக்கும் சிலேட்டுக்கும் சம்பந்தமே இல்லாத அந்தப் பையன் என் திராட்சைத் தோட்டத்துப் பையனுக்கு அண்ணன் முறை போலிருக்கிறான். அடுத்து விழுக்காடு நடத்தப் போகிறேன். துண்டுச் சீட்டுக்கு நல்ல கேள்வி யாரிடமாவது இருக்கிறதா? சூத்திரத்தில் போட்டால் வந்துவிடும் கேள்வி வேண்டாம்.

பட்டதாரி ஆசிரியர், சென்னை:

500 ரூபாய்ச் சட்டையின் விலையைக் கடைக்காரர் 10 விழுக்காடு ஏற்றுகிறார். பிறகு தீபாவளிக்கு அந்தப் புதிய விலையில் 10 விழுக்காடு தள்ளுபடி தருகிறார். இப்போது விலை என்ன? என் வகுப்பில் 500 என்றுதான் பாதிப் பேர் எழுதுவார்கள், 495 என்று ஒன்றிரண்டு பேர். ஆனால் எப்போதாவது ஒருவன் 505 என்று எழுதுகிறான், அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் குவியலில் 505 விழுந்தால் அவனிடம் கேட்டு இங்கே எழுதுங்கள்.