மறு: வட்டை ‘வைப்’ செய்வதற்கு என்ன சொல்?

வணக்கம். வட்டில் இருக்கும் தரவை மீட்க முடியாதபடி நீக்குவதை ஆங்கிலத்தில் ‘வைப்’ (wipe) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> மேலெழுதல் என்றே வைத்துவிடலாமே. நடப்பது அதுதானே?

சுழலும் வன்தட்டில் நடப்பது அதுதான், அக்கா: பழைய தரவின் மேல் சுழியங்களை எழுதுகிறோம். எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாத சில்லு வட்டில், கதை வேறு. ஓர் இடத்தில் சுழியம் எழுதச் சொன்னால், அதன் உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, ஒரே இடம் தேய்ந்துபோகாமல் தேய்மானத்தைப் பரப்புவதற்காக, வேறு இடத்தில் எழுதிவிடும். பழைய தரவு அங்கேயே கிடக்கலாம். நம் கண்ணில் படாத உபரி இடமும் உள்ளே உண்டு. அதனால் அங்கே மேலெழுதுவதை நம்பாமல், செக்யூர் எரேஸ் கட்டளையை வட்டுக்கே கொடுத்து அதையே அழிக்கச் சொல்கிறோம். ‘மேலெழுதல்’ என்று பெயர் வைத்தால் சொல்லே தப்பான வழியைக் காட்டும். எப்படிச் செய்தோம் என்பதை விட்டு, என்ன ஆனது என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும்.

> முற்றழிப்பு?

அது வட்டையே நொறுக்குவதற்கு இருக்கட்டும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டி கிளியர் (சாதாரண வழிகளில் மீட்க முடியாதபடி நீக்குவது), பர்ஜ் (ஆய்வுக்கூடத்திலும் மீட்க முடியாதபடி நீக்குவது), டிஸ்ட்ராய் (வட்டையே நொறுக்குவது) என்று மூன்று படி வைத்திருக்கிறது. முற்றழிப்பு மூன்றாவதற்குத்தான் பொருந்தும். நமக்கு வட்டு பிழைக்க வேண்டும், அதில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும்.

என் ஓட்டு ‘துடைத்தழிப்பு’க்கு. வினைச்சொல் ‘துடைத்தழி’. வெறும் ‘அழி’ போதாது, டெலீட்டுக்கே பாதிப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். கரும்பலகை புண்ணியத்தில் ‘துடை’ மட்டும் முதல் மாதமே தெரிந்துவிடும்.

விரைவு ஃபார்மட்டை இதில் சேர்க்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதம். வகுப்புக்கு நன்கொடையாக வந்த ஒரு டெஸ்க்டாப்பை ‘ஃபார்மட் பண்ணியாச்சு’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை நகல்கள், யாருடையதோ கல்யாணப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கோப்புகளின் பெயர்தான் போயிருந்தது. வன்தட்டில் விரைவு ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே என்று காட்டும் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது, தரவைத் தொடுவதில்லை.

வரையறைக்கு நம் நாட்டுச் சட்டமே கைகொடுக்கிறது. தனிநபர் தகவலை அழித்தால், மறுபடி படிக்கும் நிலைக்குக் கொண்டுவர முடியாதபடி அழிக்க வேண்டும் என்கிறது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, 14ஆம் பிரிவு. ஆகவே: ‘துடைத்தழிப்பு – வட்டைப் பயன்படும் நிலையிலேயே வைத்து, அதில் இருந்த தரவை மீட்க முடியாதபடி நீக்குதல்.’

விளக்கக் குறிப்பில் 35 தடவை மேலெழுத வேண்டும் என்ற கதை வேண்டாம். அது 1996இல் வந்த ஒரு கட்டுரையின் மிச்சம். இன்றைய வன்தட்டுக்கு ஒரு தடவை போதும். அந்த ஒரு தடவைக்கே, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், ஒரு டெராபைட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நாளில் 35 தடவை என்றால் தை பிறந்துவிடும்.

அப்புறம், பழையதை நீக்கிவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் ‘கிளீன் இன்ஸ்டால்’ பற்றித் தனி இழையில் பேசலாம். ‘தூய நிறுவல்’ என்றால் எனக்குக் கும்பாபிஷேக அழைப்பிதழ் நினைவுக்கு வருகிறது. ‘புதுநிறுவல்’ என்று வைத்தால் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?