ஹார்ட் டிஸ்க் இமேஜ் எடுக்க ரைட் பிளாக்கர் வேண்டுமா, லினக்ஸ் போதுமா?

கோத்தகிரி சர்வீஸ்:
கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பச்சைத் தேயிலை எடைக் கணக்கில் ஒரு ஃபேக்டரிக்கும் இலை போடும் விவசாயிகளுக்கும் தகராறு முற்றி, கோர்ட் வரை வந்துவிட்டது. எடைக் கணக்கு ஏறிய கம்ப்யூட்டரின் 500 ஜிபி டிஸ்கை அப்படியே இமேஜ், அதாவது முழு நகல், எடுத்துத் தரச்சொல்லி இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். டிஸ்கில் எதுவும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் பெட்டி என்னிடம் இல்லை. கோவைக்கு இறங்கிப்போய் இரவல் வாங்கி வரணுமா, லினக்ஸிலேயே எடுத்துவிடலாமா?

கொடை லினக்ஸ்:
எதற்கு அண்ணா அலைச்சல்? இமேஜ் எடுக்க டிஸ்கை மவுண்ட் பண்ணவே, அதாவது ஃபைல்களைத் திறக்கும்படி சிஸ்டத்தோடு இணைக்கவே, வேண்டாம். நகலெடுக்கும் டிடி கட்டளை டிஸ்கை செக்டர் செக்டராக வாசிக்கும், அதில் எழுதாது. தடயம் எடுப்பதற்கென்றே உள்ள கெய்ன் லினக்ஸை பென்டிரைவில் போட்டு பூட் செய்தால் எல்லா டிஸ்கையும் அதுவே ரீட்-ஒன்லியாக வைத்துவிடும். கடைசியில் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் கைரேகை போன்ற எண், ஒத்துவந்தால் யார் என்ன கேட்க முடியும்?

குன்னூர் இமேஜிங்:
கேட்பார்கள் தம்பி. நான் கூண்டில் நின்று பதில் சொன்னவன். பல வருடம் முன்பு ஒரு டிஸ்கை அவசரத்தில் விண்டோஸ் மெஷினில் சொருகிவிட்டேன். ஆன்டிவைரஸ் தானாக ஓடி இரண்டு ஃபைலை எடுத்து ஒதுக்கிவிட்டது. அதன் பிறகுதான் ஹாஷ் எடுத்தேன், கச்சிதமாக ஒத்தது. ஒத்து என்ன பயன்? நகலும் மூலமும் ஒன்று என்றுதான் ஹாஷ் சொல்லும். கேபிள் சொருகுவதற்கு முன்னால் அந்த டிஸ்க் எப்படி இருந்தது என்று அது சொல்லாது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு இடத்தையே பிடித்துக்கொண்டார். என்னை நம்பி வந்தவர்களுக்கு அன்று நான் செய்தது துரோகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கொடை லினக்ஸ்:
அது விண்டோஸில் நடந்தது அண்ணா. அதை லினக்ஸ் தலையில் கட்டாதீர்கள்.

குன்னூர் இமேஜிங்:
லினக்ஸும் சும்மா இருக்காது. சாதாரண டெஸ்க்டாப் லினக்ஸில் டிஸ்கைச் சொருகினால் தானாகவே மவுண்ட் ஆகும் இடங்கள் உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் அமைப்பு உள்ள டிஸ்கை ரீட்-ஒன்லி என்று சொல்லி மவுண்ட் செய்தாலும், முந்தைய ஷட்டவுன் சரியில்லை என்றால் ஜர்னலை, அதாவது முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை, ஓட்டி எழுதிவிடும். அதைத் தடுக்க நோலோட் என்று தனியாகச் சொல்லணும். பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டில் இருந்த டிஸ்க் என்றால் சிஸ்டம் தானாக அதை இணைக்கப் பார்த்து, சூப்பர்பிளாக் என்ற அமைப்புக் குறிப்பை மாற்றும். இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு, கரண்ட் போய்ப் போய் வரும்போது எனக்கு இருக்காது. பிளாக்கர் கம்ப்யூட்டருக்கும் டிஸ்குக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுதும் கட்டளையை டிஸ்க் பக்கமே விடாது. என் ஞாபகத்தை நம்பி அது வேலை செய்யவில்லை.

கொடை லினக்ஸ்:
ஜர்னல் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டி இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்வதும் ஆபத்துதான். எஸ்எஸ்டியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அழித்த இடங்கள் எவை என்று சொல்லும் டிரிம் கட்டளை ஏற்கெனவே போயிருந்தால், கரண்ட் கொடுத்த உடனே உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் அழித்த இடங்களைத் துடைக்க ஆரம்பித்துவிடும். துடைக்கும் அந்த வேலைக்குக் கட்டளை கேபிள் வழியாக வருவதே இல்லை. எந்த பிளாக்கராலும் நிறுத்த முடியாது.

ஊட்டி ஜூனியர்:
வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். 2024 ஜூலை 1 முதல் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யின் இடத்தில் வந்தது. சான்றிதழில் இரண்டு பாகம்: ஒன்றை சாதனத்துக்குப் பொறுப்பானவர் தரணும், மற்றதை நிபுணர். ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் எழுதணும். ரைட் பிளாக்கர் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் “டிஸ்கில் எதுவும் எழுதப்படவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?” என்று கேட்டால், ஒரு கருவியைக் காட்டுவது நாலு கட்டளையை விளக்குவதைவிட எளிது. அண்ணா, உங்களுடையது எஸ்எஸ்டியா?

கோத்தகிரி சர்வீஸ்:
இல்லை சார், பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க். இன்னும் கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை.

குன்னூர் இமேஜிங்:
ஆன் செய்யவே செய்யாதீர்கள். டிஸ்கைக் கழற்றி, சீரியல் நம்பரோடு போட்டோ எடுத்து வையுங்கள். நொடிக்கு 100 எம்பி வேகம் வந்தால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மழைக்காலம், மரம் விழுந்தால் லைன் போய்விடும். யூபிஎஸ் முழுசாக சார்ஜ் ஆகியிருக்கட்டும்.

கோத்தகிரி சர்வீஸ்:
சரி அண்ணா, நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். இலை போட்டவர்களில் பாதிப் பேர் என் ஊர்க்காரர்கள். அவர்கள் கணக்கு என் கையால் கெடக் கூடாது.

கொடை லினக்ஸ்:
கெய்ன் போதும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனாலும் போய் வாங்குவதென்றால் ஒன்று செய்யுங்கள் அண்ணா. இரவல் பெட்டியை நேராகக் கேஸ் டிஸ்கில் மாட்டாதீர்கள். வேண்டாத டிஸ்க் ஒன்றை எடுத்து ஹாஷ் பாருங்கள், பெட்டி வழியாக அதில் ஒரு ஃபைலை எழுத முயலுங்கள், மறுபடி ஹாஷ் பாருங்கள். மாறாமல் இருந்தால் அதையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதி, இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.