ஏசியில் ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு

கேள்வி: என் காரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைக்கலாம். ஓட்டுநர் பக்கம் நன்றாகக் குளிர்கிறது, பக்கத்து சீட்டுக்கு எவ்வளவு குறைத்தாலும் சூடான காற்றுதான் வருகிறது. வண்டியை ஆன் செய்ததும் டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் வேறு. ஒர்க்‌ஷாப்பில் கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பலாமா?

பதில் 1: அவசரப்படாதீர்கள், அந்தச் சத்தத்தை முதலில் கவனியுங்கள். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்க உள்ளே ஒரு கதவு உண்டு, பிளெண்ட் டோர் என்பார்கள். அதைத் திருப்பும் சின்ன மோட்டாரில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பல்சக்கரம், பல் உடைந்தால் ஒரே இடத்தில் சறுக்கிச் சறுக்கி இப்படித்தான் சத்தம் போடும். கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஒருவரை வெப்பநிலையை மாற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள், மோட்டாரின் தண்டு திரும்புகிறதா என்று.

பதில் 2: கேஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் குளிராது. ஆனால் அப்போது ஹீட்டர் போட்டதுபோல் சுடாது. எப்படியும் கேஜ் வைத்து அழுத்தம் பார்க்காமல் நிரப்ப விடாதீர்கள், அதிகமானாலும் குளிர்ச்சி குறையும்.

கேட்டவர்: பார்த்தேன். மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, தண்டு அசையவே இல்லை.

பதில் 1: அப்போ மோட்டார்தான். கழற்றியதும் கதவைக் கையால் திருப்பிப் பாருங்கள், இறுகிக் கிடந்தால் புது மோட்டாரும் சீக்கிரம் போய்விடும். அப்புறம், மாட்டிய பிறகு கேலிபரேஷன் தேவைப்படலாம், அதாவது கதவு எதுவரை திரும்பும் என்பதை வண்டி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சில வண்டிகள் தானாகச் செய்துகொள்ளும், சிலவற்றுக்கு வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வேண்டும். அது முடியும்வரை ஏசி பட்டன்களைத் தொடாதீர்கள்.